நாற்காலி இருந்த பக்கம்

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சிவப்பு நாற்காலி ஆட்சி செய்துவந்தது.

பிளாஸ்டிக் நாற்காலிதான். கை வைத்தது. பின்னங்கால் ஒன்று விரிசல் விட்டு, கட்டுக்கம்பி சுற்றிக்கொண்டு நின்றது. ஆனால் அதனிடம் போய் நீ பிளாஸ்டிக் என்று சொல்லிவிட முடியாது. ஏதோ ஓர் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் அதில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த மிடுக்கு அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. விழா முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியர் ஆவுடையப்பன் அதை மைதானத்துக்குத் தூக்கிவந்தார். அவர் உட்காரத்தான் கொண்டுவந்தார். நாளடைவில், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதே தான்தான் என்று நாற்காலி நம்பத் தொடங்கியது. அதை மறுத்துச் சொல்லும் அளவுக்கு அவரும் எழுந்து நிற்கவில்லை.

அந்தப் பள்ளியில் உயரம் தாண்டுதல் பேர் போனது. அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருந்தன. மஞ்சளும் கறுப்புமாக வண்ணம் பூசிய குறுக்குக் கம்பு இருந்தது. யார் தட்டினாலும் அது விழும். விழுந்ததும் எல்லாரும் அதைத்தான் முறைப்பார்கள். கம்பைத் தாங்க இரண்டு தூண்கள் இருந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். தாண்டுகிறவர்கள் விழுவதற்கு நீல ரெக்சின் போட்ட பெரிய மெத்தை இருந்தது. அதன் வயிற்றில் ஓரிடம் கிழிந்து பஞ்சு தெரியும். அப்புறம் சாரின் கழுத்தில் ஒரு விசில். அதற்குள் ஒரு சின்ன உருண்டை உண்டு, அதுதான் அதன் மூளை. யார் ஊதினாலும் அது சுற்றும். சுற்றுவதையே அது சிந்தனை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு வாகை மரம் நின்றது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அதன் நிழல் நீண்டு வந்து, கம்பைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு இடப்பக்கத்தில் விழும். நிழல் விழுந்த இடத்தில் நாற்காலி. நாற்காலியில் சார். அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தால் அவர் மடியில்தான் போய் உட்கார வேண்டும். அதனால் பிள்ளைகள் எல்லாரும் வலப்பக்கமிருந்து ஓடிவந்து தாண்டினார்கள்.

ஆரம்பத்தில் ஆவுடையப்பன் சார் நேர்மையாகத்தான் சொன்னார். "நிழலு இங்கன கெடக்கு. நீங்க அங்கனருந்து வாங்க." பிறகு நிழல் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. "அங்கனருந்து வாங்க" என்பது மட்டும் மிஞ்சியது. இன்னும் கொஞ்ச காலம் போனபின், வலப்பக்கமிருந்து வருவதே உயரம் தாண்டுதலின் அடிப்படை என்று ஆகிவிட்டது. சாமான் அறைச் சுவரில் ஓர் அம்புக்குறியும் வரைந்துவிட்டார்கள். சுவரில் ஏறிய பிறகு அது சட்டம்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. தாண்டுகிறவர்கள் வளைந்து ஓடிவந்து, கம்புக்கு எட்ட இருக்கும் காலால் தரையை உந்தி, முதுகைக் கம்புக்குக் காட்டி எழும்ப வேண்டும். இடது காலால் உந்துகிறவர்களுக்கு வலப்பக்கம் தோதானது. வலது காலால் உந்துகிறவர்களுக்கு இடப்பக்கம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், தாண்டுகிறவர்களின் காலைப் பார்த்தால் போதும். அங்கே வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடது கால்தான் உந்துகால். அதனால் நாற்காலியின் சட்டம் பிழைத்துக் கிடந்தது.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவள் முத்துப்பேச்சி.

அவள் இடதுகைப் பழக்கம் உள்ளவள். வீட்டிலிருந்து வரும் வழியில் ஒரு வாய்க்கால். மற்றப் பிள்ளைகள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பேச்சி புத்தகப் பையோடு அதைத் தாண்டித்தான் வருவாள், வலது காலால் உந்தி. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். பையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். ஒருநாளும் ரசம் சிந்தியதில்லை.

ஆனால் மைதானத்துக்கு வந்தால் அவளுக்குக் கால் குழம்பிவிடும். வலப்பக்கமிருந்து நன்றாகத்தான் ஓடிவருவாள். கம்புக்கு முன்னால் வந்ததும் எந்தக் காலை வைப்பது என்று ஒரு தடுமாற்றம். சின்னதாக ஓர் எட்டு கூட வைத்துக் காலை மாற்றிக்கொள்வாள். அந்த ஓர் எட்டில் ஓடிவந்த வேகம் எல்லாம் செத்துவிடும். மாற்றாமல் வலது காலால் உந்தினாலோ, எழும்பும் முன்பே இடுப்பு கம்பில் மோதும். இரண்டில் எது நடந்தாலும் கம்பு கீழே. விசில் கத்தும். சார் தலையில் அடித்துக்கொள்வார்.

பக்கத்திலேயே ரஹ்மத் என்று ஒரு பெண் தாண்டுவாள். பேச்சியின் தோழி, இரண்டு வகுப்பு சின்னவள், இளையோர் பிரிவு. இடது காலால் அவள் உந்தி எழும்பினால் கம்புக்குக் காற்றுகூடப் படாது. அவள் பேச்சியைவிட உசத்தி என்பதில்லை. அவளுக்கு நாற்காலி எதிர்ப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் பேச்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், நான் இந்தப் பக்கமிருந்து ஓடியாரட்டா?"

"எந்தப் பக்கம்?"

"நீங்க இருக்க பக்கம் சார்."

ஆவுடையப்பன் சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ பிள்ள, ஒலகமே வலப்பக்கம் வருது. நீ மட்டும் என்ன தனியா வந்து பொறந்தியோ?"

"எனக்கு வலது காலுதான் சார் எழும்புது."

"அப்ப இடது கால எழுப்பு. அதுக்குத்தான பயிற்சி!"

நாற்காலி அவருக்குக் கீழே பெருமையில் கிரீச்சிட்டது.

பயிற்சி தொடங்கியது. பேச்சியின் இடது கணுக்காலில் சார் தன் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கட்டிவிட்டார், எந்தக் கால் என்று அவளுக்கு மறக்காமல் இருக்க. அந்த ஒற்றைக் காலால் மைதானத்தைச் சுற்றி நொண்டியடிக்கச் சொன்னார். வகுப்புக்குள் போனாலும் இடது காலை முன்வைத்துப் போக வேண்டும். மாடிப்படியிலும் இடது கால் முதலில். கைக்குட்டை கட்டிய காலோடு அவள் காலை வழிபாட்டுக்கு வந்து நின்றபோது, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒரு டீச்சர் எந்தக் கோயில் என்று விசாரித்தார். பேச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாருக்குத் தினமும் பயிற்சியின் நடுவில் டீ குடிக்கப் போகிற வழக்கம் உண்டு. நாற்காலி மட்டும் காவலுக்கு அங்கேயே இருக்கும். சார் நாற்காலியை யாரும் தொடக்கூடாது. ஒருநாள் அவர் போனதும் பேச்சி இடப்பக்கம் வந்து நின்றாள். ஓடிவர இடமில்லை, பாதையின் நடுவில் நாற்காலி. அதற்கு முன்னால் கிடந்த கொஞ்சம் இடத்திலிருந்தே நாலு எட்டு வைத்து, வலது காலால் உந்தி எழும்பினாள். முதுகு வில்லாக வளைந்தது. குதிகால்கள் கடைசியில் துள்ளி மேலே வந்தன. மெத்தையில் விழுந்து அப்படியே கிடந்து சிரித்தாள்.

கம்பு அசையவில்லை.

அந்த வாரமே பேச்சியின் அப்பா வேலாண்டி மொபெட்டில் வந்து மைதானத்து வாசலில் நின்றார். அவர் கண்ணுக்கு முன்னால் மகள் வலப்பக்கமிருந்து ஓடிவந்து, தடுமாறி, கம்போடு சேர்ந்து மெத்தையில் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

"ஏட்டி, இதுக்காடி தெனமும் ஆறு மணி வரைக்கும் நிக்க?" என்று கேட்டார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. "அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்லாம் கணக்கு டியூசனுக்குப் போவுது. நீ விழுந்து எந்திரிச்சுட்டு வார."

"மாவட்டப் போட்டி வருதுப்பா. அதுல மொத ரெண்டு எடத்துக்குள்ள வந்தா மாநிலத்துக்குப் போலாம்."

"வந்தா குதி. நான் ஒண்ணும் சொல்லல. வரலன்னா அன்னைக்கோட சரி. ஷூவ அந்த ரஹ்மத்துப் பிள்ளைக்குக் குடுத்துட்டு டியூசன்ல போயி உக்காரு."

பேச்சி தலையாட்டினாள். அவளுக்கு இந்த உலகத்தில் பிடித்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொஞ்ச நேரம், தரையும் இல்லாமல் மெத்தையும் இல்லாமல் நடுவில் கிடக்கிற அந்த நேரம். அது இப்போது ஒரு போட்டியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சாமான்களை அறையில் போட்டுப் பூட்டிவிட்டு எல்லாரும் போனார்கள். விசிலை ஆணியில் மாட்டியிருந்தார்கள். நாற்காலி வழக்கம்போல நடுவில் உட்கார்ந்துகொண்டது. வேறு யார் உட்காரப்போகிறார்கள்?

கம்பு தொண்டையைச் செருமியது. "ஒன்று சொல்லலாமா? அந்த முத்துப்பேச்சியை ஒரு நாளைக்கு இடப்பக்கமிருந்து விட்டுப் பார்க்கலாம்."

"எதற்கு?" என்றது நாற்காலி.

"அவளுக்கு வலது கால்தான் உந்துகால்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்மேல்தானே மோதுகிறாள். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?"

நாற்காலி சிரித்தது. "யார் இடித்தாலும் விழுகிறவன் நீ. விழுவதைத் தவிர உனக்கு என்ன தெரியும்? கருத்துச் சொல்ல வந்துவிட்டான்!"

"வந்துவிட்டான்! வந்துவிட்டான்!" என்று விசில் கீச்சிட்டது. ஊத ஆள் இல்லாவிட்டாலும் அதற்குப் பழக்கம் போகாது.

மெத்தை மெதுவாகச் சொன்னது. "கம்பு சொல்வது உண்மைதான். அன்றைக்கு சார் டீக்குப் போனபோது அவள் அந்தப் பக்கமிருந்துதான் தாண்டினாள். மற்ற நாளில் மூட்டை மாதிரி என்மேல் வந்து விழுகிற பிள்ளை, அன்றைக்கு வந்து படுத்த மாதிரி இருந்தது."

"சார் இல்லாதபோது தாண்டியது செல்லாது" என்றது நாற்காலி. "நானும் பார்க்கவில்லை."

"உனக்கு முன்னால்தானே ஓடினாள்?" என்றது மெத்தை.

"பார்க்க வேண்டியதைத்தான் பார்ப்பேன்."

கம்பு தூண்கள் பக்கம் திரும்பியது. "நீங்களாவது சொல்லுங்கள். நீங்களும் அங்கேதானே நின்றீர்கள்?"

இரண்டு தூண்களும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "நாங்கள் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள்" என்றது ஒன்று. "அதனால் ஒரு பக்கமாகப் பேசுவது எங்கள் மரியாதைக்குச் சரிவராது" என்றது மற்றது. பேசி முடித்த அலுப்பில் சுவரில் சாய்ந்துகொண்டன.

நாற்காலி குரலைத் தணித்து, பெரிய மனுஷன் தோரணையில் பேசியது. "நான் நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? நான் நகர்ந்தால் நிழல் என்ன ஆவது? நிழல் இல்லாமல் சார் என்ன ஆவது? சார் இல்லாமல் பயிற்சி என்ன ஆவது?"

"பயிற்சி நடக்கும்" என்றது கம்பு.

விசில்கூட வாயை மூடிக்கொண்டது. இப்படி ஒரு பேச்சை அந்த அறை கேட்டதே இல்லை. கடைசியில் நாற்காலி, "இவன் கொஞ்சம் வளைந்துவிட்டான், மாற்ற வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிக் கூட்டத்தை முடித்தது.

மாவட்டப் போட்டி வந்தது. போட்டி நடத்திய ஊரில் நல்ல மெத்தை இல்லை. இவர்கள் பள்ளியிலிருந்தே மெத்தை, தூண்கள், கம்பு எல்லாவற்றையும் இரவலாகக் கேட்டிருந்தார்கள். குட்டி யானை என்கிற சின்ன லாரியில் சாமான்கள் ஏறின. மேலே நாற்காலியும் ஏறியது. அங்கே இருக்கிற நாற்காலி எப்படியோ என்னவோ என்று சாருக்குக் கவலை.

அந்த மைதானம் பரந்த பொட்டல். மரம் கிடையாது. உயரம் தாண்டும் இடத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, நாலு தூண்களின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. ஊரில் இருந்த ஒரே நிழல் அந்தத் தொட்டியின் வட்ட நிழல்தான். சார் நாற்காலியை அதில் போட்டு உட்கார்ந்தார். இங்கே நிழல் வலப்பக்கம் கிடக்கிறதே என்று நாற்காலிக்கு ஒரு கணம் நெருடியது. உடனே சமாளித்துக்கொண்டது. நிழல் எங்கேயோ அங்கேதான் தலைமை.

நடுவராக லீதியாள் டீச்சர் நின்றார். ஒரு கையில் வெள்ளைக் கொடி, ஒரு கையில் சிவப்புக் கொடி. வேண்டாத பேச்சு ஒன்றுகூட இல்லாதவர்.

பேச்சி வலப்பக்கமிருந்துதான் தாண்டினாள். சின்ன உயரங்களைத் தட்டுத் தடுமாறி, வெறும் கால் பலத்தில் கடந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் கம்பு ஆடியது. விழாமல் இருக்கத் தன்னால் ஆனமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டது. அதற்குமேல் அதன் கையில் ஒன்றும் இல்லை.

கடைசியில் போட்டி ஓர் உயரத்தில் வந்து நின்றது. வேறு பள்ளிப் பெண் ஒருத்தி அதைத் தாண்டி முதலிடத்தைப் பிடித்துவிட்டாள். மற்றவர்கள் எல்லாரும் முயன்று, விழுந்து, வெளியே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி தாண்டினால் இரண்டாம் இடம். தாண்டாவிட்டால் கணக்கு டியூஷன்.

முதல் முயற்சியில் கால் மாற்றினாள். வேகம் செத்தது. சிவப்புக் கொடி.

இரண்டாவதில் மாற்றவில்லை. இடுப்பு மோதியது. கம்பு தரையில் துள்ளி விழுந்தது. சிவப்புக் கொடி.

கயிற்றுக்கு அப்பால் வேலாண்டி மொபெட் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பேச்சி அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

இன்னும் ஒரே ஒரு முயற்சி. இதற்குள் வெயில் சாய்ந்திருந்தது. வெயில் சாய்ந்தால் தொட்டியின் நிழல் சும்மா இருக்குமா? அது மெல்ல மெல்ல நகர்ந்து மைதானத்துக்குள் வந்தது. சாரும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பேச்சி கடைசி முயற்சிக்குத் தயாராகி நிமிர்ந்தபோது, அவள் ஓடிவர வேண்டிய பாதையின் நட்டநடுவில் நாற்காலியும் அதன்மேல் சாரும் இருந்தார்கள்.

லீதியாள் டீச்சர் கொடியை நீட்டினார். "சார், ஓடுத பாதையில உக்காந்திருக்கியளே! கொஞ்சம் அங்கிட்டு நவுளுங்க."

சார் அண்ணாந்து பார்த்தார். பாதைக்கு அங்கிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இங்கிட்டும் வெயில். நிழல் இங்கே மட்டும்தான்.

"இங்கனதான டீச்சர் நிழலு கெடக்கு" என்றார்.

"பிள்ள எப்படி ஓடிவரும்?"

ஆவுடையப்பன் சார் ஒரு நொடி யோசித்தார். அவர் வாழ்நாள் கோட்பாடு ஒரு பக்கம், உச்சந்தலை ஒரு பக்கம். உச்சந்தலை ஜெயித்தது.

"ஏ பிள்ள, நீ அந்தப் பக்கமிருந்து வந்துரு. வருவல்லா?"

பேச்சிக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "எந்தப் பக்கம் சார்?"

"இடப்பக்கந்தான் பிள்ள. எல்லாம் ஒண்ணுதான், போ."

எல்லாம் ஒன்றுதான்! கைக்குட்டை, நொண்டி, மாடிப்படி, சுவரில் வரைந்த அம்பு எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் சார் ஊதித் தள்ளிவிட்டார். பேச்சிக்குக் கோபப்பட நேரமில்லை. ஓடினாள். இந்தப் பக்கம் காலடி வைத்து அளந்த அளவையே அந்தப் பக்கம் அளந்து, ஒரு கல்லை அடையாளமாக வைத்தாள். குனிந்து இடது கணுக்காலில் இருந்த கைக்குட்டையை அவிழ்த்துப் போட்டாள்.

"வா தாயீ" என்றது கம்பு. அவளுக்குக் கேட்டிருக்காது.

நேராக ஓடினாள். வளைந்தாள். எந்தக் கால் என்று யோசிக்கவே இல்லை, வாய்க்காலில் என்றைக்கு யோசித்தாள்? வலது கால் தரையை ஓங்கி உந்தியது. தோள் எழுந்தது, முதுகு வளைந்தது, இடுப்பு கம்புக்கு மேலே மிதந்தது, கடைசியில் குதிகால்கள் துள்ளின. கம்பு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மெத்தை "புஸ்" என்று மூச்சுவிட்டபோதுதான் திறந்தது. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளைக் கொடி.

வேலாண்டி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மகள் தலையில் கையை வைத்தார். "சரிட்டி. குதி" என்றார். பேச்சி அப்போதுதான் அழுதாள், நன்றாக, வாய்விட்டு.

மறுநாள் பள்ளியில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தினார்கள், சாருக்கு. புழுக்கமாக இருந்ததால் அதைக் கழற்றி அவர் நாற்காலியின் முதுகில் போட்டார். தனக்கு வர வேண்டிய மரியாதை தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்துவிட்டது என்று நாற்காலிக்கு ஒரே பூரிப்பு. படம் எடுத்தார்கள். நடுவில் நாற்காலியில் சார், சுற்றிலும் ஆசிரியர்கள். ஓரத்தில் பாதி முகம் தெரிந்தது, அது பேச்சி.

சார் பேசினார். "கடைசி நேரத்துல ஓடிவார பக்கத்த மாத்தச் சொன்னேன். அதுதான் நுணுக்கம். அனுபவத்துல வாரது. இனிமே நம்ம பள்ளியில எல்லாரும் இடப்பக்கந்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். சுவரில் அம்புக்குறியை அழித்து எதிர்ப்பக்கம் திருப்பி வரைந்தார்கள். இடப்பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்றால் நாற்காலி வலப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் சாயங்காலம் நிழல் கிடையாது. காலையில் பள்ளிக் கட்டடத்தின் நிழல் அங்கே விழும். ஆகவே பயிற்சியைக் காலைக்கு மாற்றினார்கள். நாற்காலி வெயிலில் போகாமல் இருக்க, சூரியனைக் கிழக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

சாமான் அறையில் நாற்காலி புதிய கொள்கையை அறிவித்தது. "இடப்பக்கமே முறை. எப்போதும் அதைத்தான் நான் சொல்லிவந்தேன்."

"சொல்லிவந்தேன்! சொல்லிவந்தேன்!" என்றது விசில்.

"நாங்கள் எப்போதும்போல இரண்டு பக்கமும்" என்றன தூண்கள்.

கம்பு மட்டும் கேட்டது. "அப்படியானால் ரஹ்மத்?"

"எந்த ரஹ்மத்?"

"இடது காலால் உந்துகிற பிள்ளை. வலப்பக்கமிருந்து வந்து என்னைத் தொடாமல் போகிறவள்."

"அவளுக்குக் காலில் ஏதோ கோளாறு" என்றது நாற்காலி. "பயிற்சியில் சரியாகிவிடும்."

பேச்சி அந்த வாரம் வேறு பள்ளிக்கூட மைதானத்தில் மாநிலப் போட்டிக்கான முகாமில் இருந்தாள். ஒருநாள் காலை, சாரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தன் பள்ளிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மைதானத்தைச் சுற்றி ரஹ்மத் நொண்டியடித்துக்கொண்டு போனாள். வலது காலால். கணுக்காலில் அந்தக் கட்டம் போட்ட கைக்குட்டை.

"என்னட்டி இது?" என்றாள் பேச்சி.

ரஹ்மத் நின்றாள். முகம் எல்லாம் வேர்வை. "இடப்பக்கமிருந்து வந்தா எனக்குக் காலு பின்னுதுக்கா. கம்பு விழுந்துக்கிட்டே இருக்கு. காலு பழகணுமாம். ஒன்னைய மாதிரி வரணும்னு சார் சொல்லுதாரு."

தான் பட்டதெல்லாம் இப்போது தன் பேரைச் சொல்லியே இன்னொருத்திக்கு நடக்கிறது.

சார் டீ குடிக்கப் போயிருந்தார். கட்டட நிழலில், வலப்பக்கப் பாதையின் நடுவில், நாற்காலி கால் பரப்பி நின்றது.

பேச்சி நேராக அதனிடம் போனாள்.

"தொடாதே" என்றது நாற்காலி. "நான் யார் தெரியுமா? சிறப்பு விருந்தினர் உட்கார்ந்த..."

அவள் அதன் ஒரு கையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினாள். மொத்த மைதானமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சார் அதன் மறு கையில் மாட்டிவிட்டுப் போயிருந்த விசிலுக்குள் உருண்டை நின்றுவிட்டது. தூண்கள் இரண்டும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தன. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெத்தையைச் சுற்றிப் போய், அதன் பின்னால், யார் பாதையிலும் இல்லாத ஓர் இடத்தில், வெயிலில் வைத்தாள்.

"அக்கா, கனமாவா இருந்துச்சு?" என்றாள் ரஹ்மத்.

"இதா? காத்தடிச்சா பறந்துரும்ட்டி."

கம்பும் மெத்தையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. இத்தனை வருஷம் இதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் ஓடினார்கள். ஒருத்தராவது தூக்கிப் பார்த்திருக்கலாம்.

"அந்தச் சனியனை அவுத்துப் போட்டுட்டு வலப்பக்கமிருந்து வா" என்றாள் பேச்சி.

அந்த நேரத்தில் ஆவுடையப்பன் சார் டீயைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நிழலில் வழக்கமான இடத்தில் உட்காரப் போனவர், நல்லவேளையாகத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி இல்லை. தூரத்தில் வெயிலில் நின்றது. போய்த் தொட்டார், சுட்டது. கையை உதறினார். "யாருல இத இங்கன கொண்டாந்து போட்டது?" என்று கத்துவதற்குள் ரஹ்மத் ஓடத் தொடங்கிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் சார் நின்றுகொண்டே பார்த்தார்.

ரஹ்மத் வளைந்து வந்தாள். இடது காலால் உந்தினாள். கம்புக்கு மேலே ஒரு மீனைப் போலப் புரண்டு மெத்தையில் போய் விழுந்தாள். கம்புக்குக் காற்றுகூடப் படவில்லை.

ஆவுடையப்பன் சார் வாய் திறந்தபடி நின்றார். கோபம் எங்கேயோ பாதி வழியில் நின்றுவிட்டது. கிட்டே வந்து ரஹ்மத்தின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு பேச்சியின் காலைப் பார்த்தார். மறுபடியும் ரஹ்மத்தின் காலைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, நீ இடது காலாலயா எழும்புத?"

"ஆமா சார்" என்றாள் ரஹ்மத். "ஒங்க முன்னாலதான் சார், ரெண்டு வருசமா."